பிரவுசருக்கு மட்டும் விபிஎன் போதுமா, போன் முழுக்க வேண்டுமா?

யூடியூபில் எந்த வீடியோவைத் திறந்தாலும் நடுவில் ஒருவர் வந்து "விபிஎன் போடுங்கள், உங்களை யாராலும் கண்டுபிடிக்க முடியாது" என்கிறார். சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று தேடினால் இரண்டு வகை வந்து நிற்கும். ஒன்று, குரோம், பயர்பாக்ஸ் போன்ற பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன். ஒரே கிளிக், பெரும்பாலும் இலவசம். இன்னொன்று, போனிலோ லேப்டாப்பிலோ நிறுவும் ஆப். அது அந்தக் கருவியின் மொத்த இணைய இணைப்பையும் தன் கையில் எடுத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைத் தட்டிவிட்டு, இரண்டாவது செய்யும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறார்கள். பார்த்துக்கொள்ளாது. உங்களுக்கு எது தேவை, எந்த நிறுவனத்தை நம்பலாம், போட்டபின் அது வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விபிஎன் உண்மையில் என்ன செய்கிறது

விபிஎன் இல்லாதபோது நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளமும் உங்கள் இணைய நிறுவனத்தின் வழியாகத்தான் வருகிறது. ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல், இலங்கை என்றால் டயலாக் அல்லது எஸ்எல்டி, யாராக இருந்தாலும் இதே கதைதான். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டுடன் வருவதால், நீங்கள் எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள், என்ன டைப் செய்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது தெரியும். ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையின் தளத்தை ராத்திரி 11 மணிக்குத் திறந்தீர்கள் என்றால், உள்ளே என்ன படித்தீர்கள் என்று தெரியாவிட்டாலும் ஊகிக்க அந்தத் தளத்தின் பெயரே போதும். மறுமுனையில் அந்தத் தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்குரிய எண் தெரிகிறது. அதிலிருந்து உங்கள் இணைய நிறுவனத்தையும் ஏறக்குறைய ஊரையும் சொல்லிவிடலாம்.

விபிஎன் போட்டதும் உங்கள் டேட்டா பூட்டப்பட்டு, விபிஎன் நிறுவனத்தின் சர்வர் (அவர்களுடைய கணினி) வழியாகச் சுற்றிப் போகும். அதனால் உங்கள் இணைய நிறுவனத்துக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும்: ஏதோ ஒரு விபிஎன் சர்வருடன் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தளத்துக்கு உங்கள் முகவரிக்குப் பதில் அந்த சர்வரின் முகவரி தெரியும். அப்படியானால் இதுவரை ஜியோவோ ஏர்டெலோ பார்த்துக்கொண்டிருந்ததை இனி யார் பார்ப்பார்? விபிஎன் நிறுவனம். விளம்பரத்தில் சொல்லாமல் விடுவது இதைத்தான். கண்காணிக்கக்கூடியவர் இல்லாமல் போய்விடவில்லை, ஆள் மாறியிருக்கிறார். அதனால் எந்த வகை என்ற கேள்விக்குச் சமமான கேள்வி, எந்த நிறுவனம் என்பது. பிரவுசரா முழுக் கருவியா என்று நாள் முழுக்க யோசித்துவிட்டு நிறுவனத்தை மட்டும் ஸ்டோரில் முதலில் வந்ததாகப் பார்த்து எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கூகுளில் லாகின் செய்துகொண்டு தேடினால், விபிஎன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூகுளுக்கு நீங்கள் யார் என்று தெரியும். தளங்கள் உங்கள் பிரவுசரில் வைத்துவிடும் அடையாளக் குறிப்புகளான குக்கிகளும் அப்படியே இருக்கும். திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி அமைப்பு போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்து ஒரு பிரவுசரை அடையாளம் காணும் உத்தியையும் விபிஎன் தடுக்காது.

படி 1: யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்?

இதை ஒரு தாளில் எழுதிவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். ஹாஸ்டல் வைஃபையை நடத்துபவருக்கு நான் என்ன பார்க்கிறேன் என்று தெரியக்கூடாது. ரயில் நிலைய இலவச வைஃபையை நம்ப முடியவில்லை. நான் வாசிக்கும் செய்தித் தளங்கள் என் இணைய நிறுவனத்துக்குத் தெரிய வேண்டாம். ஒரு தளத்துக்கு என் ஊர் தெரிய வேண்டாம். இவை எல்லாம் விபிஎன் செய்யக்கூடிய வேலைகள்.

அலுவலக லேப்டாப்பில் மேலதிகாரிக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும் என்றால் எந்த விபிஎன்னும் உதவாது. கண்காணிப்பு மென்பொருள் அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கலாம். உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து வரக்கூடிய நிலையில் உள்ள பத்திரிகையாளர், செயற்பாட்டாளர் என்றால் இந்தக் கட்டுரை போதாது. போக்குவரத்தைப் பல சர்வர்கள் வழியாக அனுப்பி ஆளை மறைக்கும் டோர் பிரவுசரிலிருந்து தொடங்குங்கள், விஷயம் தெரிந்தவரிடம் நேரில் கேளுங்கள்.

படி 2: உங்கள் டேட்டா எதன் வழியாகப் போகிறது?

எக்ஸ்டென்ஷன் மூடுவது பிரவுசர் வழியாகப் போவதை மட்டும். வாட்ஸ்அப், டெலிகிராம், யூடியூப் ஆப், மெயில் ஆப், பின்னணியில் ஓடும் அப்டேட்டுகள், கேம், கிளவுட் பேக்கப் எல்லாம் வழக்கமான பாதையிலேயே போய்க்கொண்டிருக்கும். வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரி.

இதை நீங்களே பார்க்கலாம். லேப்டாப்பில் குரோமில் ஒரு விபிஎன் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, நெதர்லாந்து சர்வரைத் தேர்ந்தெடுத்து, ஐபிலீக்.நெட் தளத்தைத் திறங்கள். நெதர்லாந்து என்று காட்டும். அப்படியே விட்டுவிட்டு அதே லேப்டாப்பில் எட்ஜையோ பயர்பாக்ஸையோ திறந்து அதே தளத்துக்குப் போங்கள். உங்கள் சொந்த இணைய நிறுவனத்தின் பெயரும் ஊரும் வந்து நிற்கும். ஒரே லேப்டாப், ஒரே நேரம், இரண்டு முகவரி. அந்த இரண்டாவது பிரவுசரின் இடத்தில் உங்கள் மற்ற எல்லா ஆப்களையும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும்.

இதனால் எக்ஸ்டென்ஷன் மட்டம் என்று ஆகிவிடாது. லேப்டாப்பில் செய்யும் வேலையெல்லாம் பிரவுசருக்குள்தான் என்று இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அது போதும், சில நேரம் அதுதான் வசதியும்கூட. பிரவுசர் மட்டும் விபிஎன்னில் போகும். பெரிய பைல் டவுன்லோடும் ஜூம் மீட்டிங்கும் நேரடிப் பாதையில் வேகம் குறையாமல் ஓடும். அலுவலக லேப்டாப்பில் ஆப் நிறுவ அனுமதி இல்லாதபோதும் இதுதான் வழி, அலுவலகம் எக்ஸ்டென்ஷனை அனுமதித்தால்.

போனில் நிலைமை வேறு. ஆண்ட்ராய்டில் உள்ள குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஏற்பதில்லை. பயர்பாக்ஸ் ஏற்கும். ஓபெராவில் விபிஎன் உள்ளேயே இருக்கிறது. ஆனால் போனில் நாம் பிரவுசரையா பயன்படுத்துகிறோம்? பெரும்பாலும் ஆப்கள்தான். அதனால் போனுக்கு விபிஎன் தேவை என்று முடிவு செய்தால் முழுக் கருவி விபிஎன்தான் என் சிபாரிசு.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்த விஷயம். 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் தொடக்கத்தில் போராட்டங்களின்போதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த நேரத்தில் குடும்பத்துடன் பேசத் தேவைப்பட்டது வாட்ஸ்அப் ஆப். பிரவுசர் எக்ஸ்டென்ஷனால் அதைத் திறக்க வைக்க முடியாது.

பிரவுசர் விபிஎன் என்ற பெயரில் வருபவை

எல்லா எக்ஸ்டென்ஷனும் ஒரே மாதிரி இல்லை. பெரும்பாலானவை தொழில்நுட்பக் கணக்கில் விபிஎன்னே இல்லை, என்கிரிப்ஷன் (பூட்டு) உள்ள ப்ராக்ஸி, அதாவது பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்கும் சர்வர். பயனுள்ளதுதான், ஆனால் பிரவுசரோடு அதன் எல்லை முடிந்துவிடும். 2016-லேயே ஓபெரா இப்படி ஒன்றை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. மைக்ரோசாஃப்ட் எட்ஜில் உள்ள செக்யூர் நெட்வொர்க், கிளவுட்ஃப்ளேர் சர்வர்கள் வழியாக மாதம் 5 ஜிபி வரை இலவசமாகத் தருகிறது.

சில எக்ஸ்டென்ஷன்கள் தனியாக ஓடவே ஓடாது. முல்வாட் நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷன் அப்படி. அதன் ஆப் ஓடிக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும். பெயர் குழப்புகிற கேஸும் உண்டு. பிரேவ் பிரவுசர் கட்டணம் வாங்கித் தரும் விபிஎன், பிரவுசருக்குள் இருக்கும் பட்டனாகத் தெரிந்தாலும் முழுக் கருவியையும் மூடும்.

ஐபோன் வைத்திருந்து ஐகிளவுட் பிளஸுக்குப் பணம் கட்டுபவர்களுக்கு பிரைவேட் ரிலே என்று ஒன்று ஏற்கெனவே கிடைக்கிறது. 2021-ல் வந்தது. சஃபாரி போக்குவரத்து இரண்டு நிறுத்தங்கள் வழியாகப் போகும். முதலாவதை நடத்தும் ஆப்பிளுக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. இரண்டாவதை நடத்தும் வேறு நிறுவனத்துக்கு எங்கே என்று தெரியும், யார் என்று தெரியாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நாட்டை மாற்றிக் காட்ட இது உதவாது, மற்ற ஆப்களை மூடுவதும் கிடையாது.

படி 3: நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் அவசரப்படக் கூடாது.

எக்ஸ்டென்ஷனைச் சேர்க்கும்போது குரோம் ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும்: இந்த எக்ஸ்டென்ஷன் எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் எல்லாத் தரவையும் படிக்கவும் மாற்றவும் செய்யலாம், சம்மதமா? யாரும் படிப்பதில்லை, "ஆட்" தட்டிவிடுவோம். அந்த வரி சும்மா போட்டதல்ல. முழுக் கருவி விபிஎன்னால்கூட எச்டிடிபிஎஸ் பூட்டுக்குள் பார்க்க முடியாது. அதற்குத் தளத்தின் பெயர்தான் தெரியும். அந்த அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷனோ பிரவுசருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பூட்டுத் திறந்து பக்கம் திரையில் வந்த பிறகு அதைப் பார்க்கிறது. உங்கள் மெயில், வங்கி இருப்பு, எல்லாம். ஆக, "எக்ஸ்டென்ஷன் சின்னது, ஆபத்தும் சின்னது" என்ற நினைப்பு தலைகீழானது. மூடுவது கொஞ்சம், பார்க்கக்கூடியது அதிகம்.

2025 ஆகஸ்டில் கோய் செக்யூரிட்டி என்ற நிறுவனம் ஃப்ரீவிபிஎன்.ஒன் என்ற குரோம் எக்ஸ்டென்ஷனைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை நிறுவியிருந்தார்கள், ஸ்டோரில் நம்பகமானது என்ற அடையாளமும் இருந்தது. ஆனால் பயனர் ஒரு பக்கத்தைத் திறந்ததும் அது சத்தமில்லாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்குரிய தளங்களைச் சோதிக்கத்தான் என்று அதை உருவாக்கியவர் விளக்கம் சொன்னார். தனியுரிமைக்காகப் போட்ட கருவி செய்த வேலை இது.

ஆப்களும் யோக்கியம் என்று சொல்ல முடியாது. ஹோலா என்ற இலவச சேவை தன் பயனர்களின் இணைப்பையே வேறு ஆட்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது 2015-ல் அம்பலமானது. ஒனாவோ என்ற விபிஎன் ஆப்பை பேஸ்புக் 2013-ல் வாங்கி, பயனர்கள் வேறு எந்தெந்த ஆப்களை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க வைத்துக்கொண்டது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் அதற்காக 2023-ல் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. 2020-ல் "நாங்கள் எந்தப் பதிவும் வைத்துக்கொள்வதில்லை" என்று விளம்பரப்படுத்திய யுஎஃப்ஓ விபிஎன் உள்ளிட்ட சில ஹாங்காங் சேவைகளின் பயனர் பதிவுகள் பூட்டில்லாத சர்வரில் கிடந்து வெளியே வந்தன. இல்லாத பதிவு எப்படி வெளியே வரும்?

சரி, அப்புறம் யாரைத்தான் நம்புவது? விளம்பரத்தை விட்டுவிட்டு, சோதனை வந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸார் தேடுதல் ஆணையுடன் முல்வாட் அலுவலகத்துக்கு வந்தார்கள். கொடுக்கத் தரவே இல்லாததால் வெறுங்கையுடன் திரும்பினார்கள். அந்த நிறுவனம் கணக்குத் தொடங்க மெயில் முகவரிகூடக் கேட்பதில்லை. ஓர் எண்ணைக் கொடுக்கும், மாதம் 5 யூரோ, அவ்வளவுதான். துருக்கியில் 2017-ல் ஒரு கொலை வழக்கு விசாரணைக்காக எக்ஸ்பிரஸ்விபிஎன் சர்வரைப் பறிமுதல் செய்தபோது அதிலும் பயனர் விவரம் கிடைக்கவில்லை. மாறாக, பியூர்விபிஎன் பதிவு வைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2017-ல் அமெரிக்க எஃப்பிஐ விசாரணை ஒன்றில் ஆளைப் பிடிக்க அதன் பதிவுகளே உதவின. பிடிபட்டவர் ஒரு பெண்ணைத் தொடர்ந்து இணையத்தில் வதைத்தவர், அவருக்காக யாரும் வருந்த வேண்டாம். ஆனால் பதிவு இருந்தது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

"சிறந்த 10 விபிஎன்" பட்டியல்களை நான் பார்ப்பதே இல்லை. எக்ஸ்பிரஸ்விபிஎன், சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் மூன்றும் கேப் டெக்னாலஜீஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அந்த நிறுவனமே 2021-ல் விபிஎன்மென்டர் போன்ற மதிப்பீட்டுத் தளங்களையும் வாங்கியது. பரீட்சை எழுதுபவரே விடைத்தாளைத் திருத்தினால் மார்க் எப்படி இருக்கும்!

முதல் முறையாகப் பார்ப்பவருக்கு நான் சொல்வது இதுதான். பணம் கட்ட மனமில்லை என்றால் புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டம். டேட்டா வரம்பு இல்லை, விளம்பரம் இல்லை, ஒரு கருவியில் மட்டும் ஓடும், நாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பணம் கட்டுபவர்களின் காசில் இலவசம் ஓடுகிறது என்பதால் அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. வருமானம் எங்கிருந்து வருகிறது என்று புரியாத இலவச சேவையைத் தொடாதீர்கள். பணம் கட்டலாம் என்றால் முல்வாட், மொசில்லா விபிஎன், புரோட்டான் இவற்றில் ஒன்று. மொசில்லா விபிஎன் ஓடுவது முல்வாட்டின் சர்வர்களில்தான்.

இந்திய சர்வர் பற்றி ஒரு குறிப்பு. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் எண், கொடுக்கப்பட்ட ஐபி முகவரி ஆகியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது அது. எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க், புரோட்டான் எல்லாம் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. இன்று அவற்றில் "இந்தியா" என்று தேர்ந்தெடுத்தால் இந்திய முகவரி கிடைக்கும், சர்வர் சிங்கப்பூர் போன்ற வேறு இடத்தில் இருக்கும். இந்தியாவிலேயே சர்வர் வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லும் சேவையைக் கண்டால், அந்தப் பதிவு விஷயத்தை என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.

படி 4: நிறுவி, மூன்று அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்

ஆப்பை அந்த நிறுவனத்தின் தளத்தில் உள்ள இணைப்பு வழியாகவே நிறுவுங்கள். பிளே ஸ்டோரில் பெயரைத் தேடினால் அதே மாதிரி லோகோவுடன் வேறு ஏதாவது மேலே வரும்.

புரோட்டோகால் (விபிஎன் சர்வருடன் பேசும் முறை) கேட்டால் வயர்கார்டைத் தேர்ந்தெடுங்கள். 2020-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் சேர்க்கப்பட்டது, நிரல் சின்னது, வேகமானது, பேட்டரியையும் குறைவாகத்தான் தின்னும். ஓபன்விபிஎன் பழையது, நம்பகமானது. வயர்கார்டைத் தடுக்கும் நெட்வொர்க்கில் அது கைகொடுக்கும்.

அடுத்தது கில் ஸ்விட்ச். விபிஎன் இணைப்பு நடுவில் அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் வசதி இது. இது இல்லாவிட்டால் பஸ்ஸில் போகும்போது சிக்னல் போய் வரும் நேரத்தில் போன் சத்தமில்லாமல் பழைய பாதைக்குத் திரும்பிவிடும். ஆண்ட்ராய்டில் ஆப்பை நம்ப வேண்டியதில்லை, போனிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் விபிஎன் என்பதற்குப் போய், ஆப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தட்டினால், எப்போதும் இயங்க வைக்கவும், விபிஎன் இல்லாத இணைப்பைத் தடுக்கவும் இரண்டு சுவிட்சுகள் வரும். இரண்டையும் போடுங்கள்.

இதைப் போட்டபின் ஒரு சிக்கல் வரும், பயப்படாதீர்கள். ரயில் நிலையத்தில் ரெயில்டெல் வைஃபையில் சேர்ந்தால் போன் எண்ணும் ஓடிபியும் கேட்கும் பக்கம் முதலில் திறக்க வேண்டும். கில் ஸ்விட்ச் அந்தப் பக்கத்தையும் தடுத்துவிடும். நெட் வேலை செய்யவில்லை என்று போனை ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பார்கள். தடுக்கும் சுவிட்சை அணைத்து, விபிஎன்னையும் அணைத்து, ஓடிபி போட்டு உள்ளே போய், உடனே இரண்டையும் திரும்பப் போடுங்கள். ஹோட்டல், விமான நிலையம் எல்லா இடத்திலும் இதே முறைதான்.

மூன்றாவது, ஸ்பிளிட் டன்னலிங். எந்தெந்த ஆப் விபிஎன் வழியாகப் போக வேண்டாம் என்று சொல்லும் பட்டியல். பல வங்கி ஆப்கள் விபிஎன் ஓடுவதைக் கண்டால் திறக்க மறுக்கும். வெளிநாட்டு முகவரியிலிருந்து வந்தால் கணக்கையே சிலர் தற்காலிகமாக முடக்கிவிடுவார்கள். வங்கி, யுபிஐ ஆப்களை இந்தப் பட்டியலில் போட்டு நேரடியாக விட்டுவிடுங்கள். ஆனால் ஆண்ட்ராய்டில் முன்பு சொன்ன தடுக்கும் சுவிட்ச் போட்டிருந்தால் இந்த ஆப்களுக்கு நெட்டே கிடைக்காது, அவற்றைத் திறக்கும்போது அதை அணைத்துவிடுங்கள். அவை ஏற்கெனவே என்கிரிப்ஷனுடன்தான் போகின்றன, வங்கிக்கு நீங்கள் யார் என்றும் தெரியும், அங்கே மறைக்க எதுவுமில்லை. ஐபோனில் இந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது, பணம் அனுப்பும்போது அணைத்துவிட்டுப் பிறகு போட வேண்டியதுதான்.

எக்ஸ்டென்ஷன் போடுபவர்களுக்கு வேலை குறைவு. வெப்ஆர்டிசி கசிவைத் தடுக்கும் அமைப்பு இருந்தால் போடுங்கள். கூகுள் மீட் போன்ற வீடியோ அழைப்புகளுக்கான வசதி அது. ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு உங்கள் உண்மை முகவரியை வெளியே சொல்லிவிடக்கூடும். இன்னொன்று, இன்காக்னிட்டோ ஜன்னலில் எக்ஸ்டென்ஷன் தானாக ஓடாது. ரகசியமாகப் பார்க்க வேண்டும் என்று அந்த ஜன்னலைத் திறக்கும்போதுதான் விபிஎன் இல்லாமல் இருப்பீர்கள்! எக்ஸ்டென்ஷன் விவரப் பக்கத்தில் அதற்கு அனுமதி கொடுக்கும் சுவிட்ச் இருக்கிறது.

படி 5: சோதித்துப் பாருங்கள்

விபிஎன்னை அணைத்துவிட்டு ஐபிலீக்.நெட் தளத்தைத் திறந்து உங்கள் முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முகவரி இருக்கலாம். நான்கு எண்களைப் புள்ளி வைத்துப் பிரித்த பழைய வகை ஒன்று, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஐபிவி6 வகை இன்னொன்று. ஜியோ என்றால் நீளமானது பெரும்பாலும் 2409 என்றும், ஏர்டெல் மொபைல் என்றால் 2401 என்றும் தொடங்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது விபிஎன்னைப் போட்டு அதே பக்கத்தைத் திரும்பத் திறங்கள். பழைய வகை முகவரி மாறியிருக்கும், அதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு மூடிவிடாதீர்கள். நீளமானதைப் பாருங்கள். அது இன்னும் 2409 என்றே இருந்தால் உங்கள் விபிஎன் பாதியை மட்டும் மூடுகிறது. 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைச் சோதித்தபோது 84 சதவீதம் ஐபிவி6-ஐக் கசியவிட்டன. 18 சதவீதம் எதையுமே என்கிரிப்ட் செய்யவில்லை. இப்போது நல்ல ஆப்கள் இதைச் சரிசெய்துவிட்டன. ஆனால் நம் ஊர் மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி6-ஐ அதிகம் பயன்படுத்துவதால் நாம் பார்த்தே ஆக வேண்டும்.

அதே பக்கத்தில் டிஎன்எஸ் சர்வர்களின் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருபவை) பட்டியலும், வெப்ஆர்டிசி முகவரியும் இருக்கும். இரண்டிலும் உங்கள் இணைய நிறுவனத்தின் பெயரோ முகவரியோ வரக்கூடாது. வந்தால் ஆப்பின் அமைப்பில் டிஎன்எஸ் பகுதியைப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறுங்கள். முழுக் கருவி விபிஎன் போட்டவர்கள் முன்பு சொன்ன இரண்டு பிரவுசர் சோதனையையும் செய்யுங்கள். இப்போது இரண்டிலும் ஒரே முகவரி வர வேண்டும்.

போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து வேலை செய்பவர்கள் கவனிக்க: போனில் விபிஎன் ஓடினாலும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் லேப்டாப்பின் போக்குவரத்து அதன் வழியாகப் போகாது. லேப்டாப்பிலும் தனியாகப் போட வேண்டும். புரோட்டான் இலவசக் கணக்கில் ஒரு கருவிதான் அனுமதி என்பதால், இந்த இடத்தில் பலர் பணம் கட்ட ஆரம்பிக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும். விளம்பரத்தைத் தடுக்கும் சில ஆப்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. விபிஎன் போட்டதும் விளம்பரம் திரும்ப வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சட்டம் எப்படி?

இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் நிர்வாகம் அவ்வப்போது தற்காலிகத் தடை போட்டிருக்கிறது, அங்கே போகிறவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். அமீரகத்தில் இருக்கும் நம்மவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால் ஊருக்குப் பேச விபிஎன் போடுவது வழக்கமாகிவிட்டது. விபிஎன் வைத்திருப்பது அங்கே குற்றமில்லை என்றாலும், குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ முகவரியை மாற்றினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. தடை செய்த சேவையைத் திறப்பது எந்தப் பக்கம் சேரும் என்ற சந்தேகத்தில் மாட்டிக்கொள்வதைவிட, அங்கே அனுமதிக்கப்பட்ட அழைப்பு ஆப்பைப் பயன்படுத்துவது நல்லது.

பணம் கட்டும் முன்

மூன்று வருடத் திட்டம், 80 சதவீதத் தள்ளுபடி என்றெல்லாம் கடிகாரம் ஓட்டிக் காட்டுவார்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். உங்கள் ஊரில், உங்கள் நெட்வொர்க்கில், சாயங்கால நேரத்தில் வேகம் எப்படி என்று பாருங்கள். பிடித்திருந்தால் நீட்டிக்கலாம். நீண்ட திட்டம் எடுத்தால் அடுத்த முறை தானாகப் புதுப்பிக்கும் தொகை எவ்வளவு என்று பாருங்கள், பெரும்பாலும் முதல் தொகையைவிட அதிகம். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டினால் பணம் திரும்பப் பெறும் விதி கூகுளுடையதாக இருக்கலாம், விபிஎன் நிறுவனத்தின் 30 நாள் வாக்குறுதி அங்கே செல்லுபடியாகாமல் போகலாம்.

கடைசியாக, முன்பு எப்போதோ சோதனைக்குப் போட்ட இலவச விபிஎன்களை எடுத்துவிடுங்கள். குரோமில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து பெயர் தெரியாதவற்றையெல்லாம் நீக்குங்கள். அணைத்து வைத்தால் போதாது. போனில் ஆப்பை நீக்கிய பிறகு செட்டிங்ஸில் விபிஎன் பகுதிக்குப் போய்ப் பாருங்கள், பழைய பெயர் ஏதாவது அங்கே தங்கியிருந்தால் அதையும் நீக்குங்கள். ஐபோனில் இது பொது அமைப்புகளுக்குள், விபிஎன் மற்றும் சாதன நிர்வாகம் என்ற இடத்தில் இருக்கும்.